வாய்ப்புண்ணும் நம்ம மெஸ் மெனுவும்

செமஸ்டர் எக்ஸாம் வந்தாலே ஹாஸ்டலில் ரூமுக்கு ஒருத்தர் கன்னத்தைப் பிடிச்சிட்டு அலைவார். கேட்டால் "உடம்பு சூடு மச்சி"ன்னு பதில் வரும். மெடிக்கலில் ஒரு அட்டை பி காம்ப்ளெக்ஸ் வாங்கினால் விஷயம் முடிந்தது.

டென்ஷனும் தூக்கமின்மையும் வாய்ப்புண்ணைக் கிளப்பும், மறுக்கவில்லை. ஆனால் தட்டில் என்ன விழுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பி12, ஃபோலிக் ஆசிட், இரும்புச்சத்து குறைந்தாலும் வாய்ப்புண் திரும்பத் திரும்ப வரும். அந்த அட்டையில் பொதுவாக இரும்புச்சத்தே இருக்காது! காலை டிபனை ஸ்கிப் பண்ணிட்டு, ராத்திரி பரோட்டாவில் ஓட்டினால் இதெல்லாம் எங்கிருந்து வரும்? கீரையில் ஃபோலிக் ஆசிட் கிடைக்கும், பி12 கிடைக்காது. அதற்குப் பால், தயிர், முட்டை, மீன், கறிதான்.

புண் வந்தபிறகு நிலைமை இன்னும் மோசம். கார சால்னா, தக்காளி சாதம், லெமன் சாதம் எதை வாயில் வைத்தாலும் எரியும். பட்டினி கிடந்தால் இருக்கிற சத்தும் போகும். வீட்டில் அம்மா மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுக் கொடுப்பார்களே, அதில் காரம் இல்லை என்பதே பெரிய நிம்மதி. (3 வாரமாகியும் ஆறலைன்னா கீரையை நம்பி உட்காராம டாக்டரைப் பாருங்க.)

மெஸ் கமிட்டியிடம் நான் கேட்பது பெரிசா ஒண்ணுமில்லை. வாரம் 2 நாள் கீரை, தினமும் மதியம் தயிர், கூடுதலா ஒரு நாள் முட்டை, காரமே போடாத ஒரு கூட்டு. செலவு ஏறும் என்பார்கள். தினமும் பாதி குப்பைக்குப் போகிற அந்த ஊறுகாயை நிறுத்திப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் மட்டும் கை வைக்காதீங்க, நானே சண்டைக்கு வருவேன்.