கீழே ஆர் இருக்கப் போகினம்?

பேஸ்மென்ற் தரைக்கு என்ன போடலாம் என்று கேட்டு மாதத்துக்கு இரண்டு பேராவது தொலைபேசி எடுக்கிறார்கள். ஓய்வு பெறுவதற்கு முன் 17 வருடம் ஒரு பெரிய ஹாட்வெயார் கடையின் தரைப் பகுதியில் நின்றவன் என்பதால் வந்த வினை. "அண்ணை, வினைல் நல்லதோ, லமினேற் நல்லதோ?" என்பது முதல் கேள்வி. "சதுர அடி என்ன விலை வரும்?" என்பது இரண்டாவது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "கீழே ஆர் இருக்கப் போகினம்?"

முக்கால்வாசிப் பேர் சொல்லும் பதில், "அம்மாவும் அப்பாவும்தான்."

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ரொறொன்ரோவுக்கு வந்து இறங்கிய எங்களுக்குப் பேஸ்மென்ற் புதிதல்ல. நாலைந்து இளந்தாரிகள் ஒரு அறையில் படுத்தெழும்பிய காலம். தரை எப்படி இருந்தது என்று அப்போது ஒருவரும் பார்க்கவில்லை. வேலையால் வந்து விழுந்தால் விடியத்தான் தெரியும். இன்றைக்கு வீடு எங்களுடையது, கீழே இருப்பது எங்கள் தாய் தகப்பன், அல்லது நாங்களே. பெற்றோரைக் கீழே விட்டார்கள் என்று பிள்ளைகளை நான் குறை சொல்ல வரவில்லை. தனிக் குசினி, தனி ரீவி, தன்பாட்டில் எழும்பித் தேத்தண்ணி வைக்கலாம் என்று அதை விரும்புகிற வயதானவர்கள் நிறையப் பேர். என்னுடைய கோபமெல்லாம் வேறு இடத்தில். நாளைக்கு ஐம்பது தரம் அந்தத் தரையில் நடக்கப் போகிறவர் ஒருவர், கடையில் மாதிரிப் பலகையைப் பிடித்து நிறம் தெரிவு செய்கிறவர் இன்னொருவர். கடையில் நின்ற காலத்தில் பிள்ளைகளோடு வந்த தாய்மாரிடம் "உங்களுக்கு எது பிடிச்சிருக்கு, அம்மா?" என்று நான் கேட்டால், அவர்கள் மகனின் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

நிறத்துக்கு முன் தண்ணீரைப் பற்றிக் கதைக்க வேண்டும். ஊரில் எங்கள் வீடுகள் அத்திவாரம் உயர்த்திக் கட்டியவை. நாலு படி ஏறித்தான் விறாந்தைக்குப் போவோம். மழைத் தண்ணீர் முற்றத்தோடு போய்விடும், சீமெந்துத் தரையின் குளிர்ச்சியோ வெயிலுக்கு ஒரு வரப்பிரசாதம். இங்கே தரை நிலமட்டத்துக்கு ஐந்தாறு அடி கீழே கிடக்கிறது. சீமெந்து பார்க்கக் கல்லுப்போல இருந்தாலும் மண்ணின் ஈரத்தை மெல்ல மெல்ல மேலே இழுக்கும். பழைய பேஸ்மென்ற் சுவரடியில் வெள்ளைத் தூள் பூத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஈரத்தோடு வந்த உப்பு, ஈரம் காய்ந்தபின் அங்கே தங்கிவிட்டது.

ஆகவே ஒரு டொலரும் செலவழிக்க முன் இதைச் செய்யுங்கள். ஒன்றரை அடிச் சதுரத்தில் தடித்த தெளிந்த பிளாஸ்ரிக் தாள் ஒன்றை வெறும் சீமெந்தில் வைத்து, நாலு பக்கமும் காற்றுப் போகாமல் ரேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். தாளின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ, சீமெந்து கறுத்திருந்தாலோ கீழிருந்து ஈரம் வருகிறது. இரண்டு மூன்று இடத்தில், அதுவும் பனி உருகும் ஏப்ரலில் செய்து பார்த்தால் இன்னும் நல்லது. தாள் காய்ந்திருக்கிறது என்பதற்காக ஆண்டு முழுக்கக் காய்ந்திருக்கும் என்று இல்லை, ஆனால் ஈரமாக இருந்தால் அதற்கு மேல் வாதம் இல்லை.

யூலை மாத ஈரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெளியில் புழுக்கம், கீழே தரை குளிர். காற்றோட்டத்துக்கென்று பேஸ்மென்ற் ஜன்னலைத் திறந்துவிட்டால் அந்தப் புழுக்கக் காற்று வந்து குளிர்ந்த சீமெந்தில் வேர்க்கும், குளிர்ந்த சோடாப் போத்தலில் வேர்ப்பது போல. மேலே காபெற் இருந்தால் அந்த வேர்வை கண்ணில் படாது, மூக்குத்தான் கண்டுபிடிக்கும். கோடையில் ஜன்னலைப் பூட்டி, டீஹியூமிடிபையரை ஓடவிட்டு, ஈரப்பதனை 50 வீதத்துக்குள் வைத்திருப்பதுதான் சரி.

காபெற்றைப் பற்றி என் அபிப்பிராயம் கடுமையானது. காலுக்கு இதம், விழுந்தாலும் அடி குறைவு, விலையும் மலிவு. எல்லாம் உண்மை. ஆனால் நனைந்த காபெற்றை ஒன்றிரண்டு நாளுக்குள் காயவைக்காவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். இழுப்பு, தொய்வு உள்ள வயதானவர் அந்தக் காற்றை இரவு பகலாகச் சுவாசிக்க வேண்டும். வெளியில் போய்வருகிற பிள்ளைகளுக்கு அந்த மணம் உறைக்கும். உள்ளேயே இருக்கிறவருக்கு மூக்குப் பழகிவிடும். பேஸ்மென்றில் சுவருக்குச் சுவர் காபெற் வேண்டாம் என்பேன்.

லமினேற்றும் வேண்டாம். மேலே மரம் போல அச்சடித்த ஒரு படம், நடுவில் அழுத்திய மரத்தூள். விளிம்பால் தண்ணீர் போனால் ரஸ்க் போல ஊதும், பிறகு சுருங்காது. தண்ணீருக்குத் தாங்கும் என்று பெட்டியில் எழுதி இப்போது விற்கிறார்கள். மேலே சிந்திய தேத்தண்ணியைத் துடைக்கும்வரை தாங்கும், அவ்வளவுதான். முழு மரப்பலகை நிலமட்டத்துக்குக் கீழே போடுகிற பொருளே அல்ல.

மிச்சம் இருப்பது ரைலும் வினைலும். வெள்ளம் வந்தால் கழுவித் துடைத்து மறுபடி நடக்கக்கூடியது ரைல்தான். ஆனால் ஜனவரியில் அதில் வெறுங்காலோடு நிற்க ஏலாது. கீழே மின்சூட்டு வயர் போட்டால் அருமையாக இருக்கும், செலவு ஏறும். சீமெந்தில் வெடிப்பு இருந்தால் அது ரைலுக்கும் ஏறும், இடையில் ஒரு பிரிப்பு விரிப்புப் போட்டே ஒட்ட வேண்டும். இன்னொன்று, பளபளக்கிற ரைல் வயதானவர்களுக்குக் கூடவே கூடாது. கொழும்பில் மாபிள் போட்ட வீட்டைப் பார்த்துவிட்டு வந்து அதே பளபளப்பை இங்கேயும் தேடுகிறார்கள். ஈரக் காலோடு வாஷ்றூமால் வருகிற 78 வயது அம்மாவுக்கு அது பனிக்கட்டி. இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்கள் எத்தனை பேர் பழையபடி எழும்பி நடந்தார்கள் என்று உங்கள் சொந்தக்காரருக்குள்ளேயே எண்ணிப் பாருங்கள்.

என் தெரிவு, பெரும்பாலான வீடுகளுக்கு, மங்கலான மேற்பரப்புள்ள வினைல் பலகை. காலுக்கு ரைல் அளவு குளிராது, தண்ணீரில் ஊதாது. கீழே காற்று ஓட இடம் விடுகிற, அடியில் பிளாஸ்ரிக் மேடுகள் உள்ள 2 அடிச் சதுர அடித்தளப் பலகைகளை முதலில் பரப்பி அதன்மேல் வினைல் போட்டால் குளிர் இன்னும் குறையும். முழங்காலுக்கும் நல்லது. கிட்டத்தட்ட ஒரு அங்குலம் உயரம் போகும் என்பதைக் கவனிக்க வேண்டும். சட்டப்படி இரண்டாவது குடியிருப்பாகப் பதிய நினைத்தால் ஒன்ராறியோ விதி கேட்கும் கூரை உயரம் 1.95 மீற்றர். பழைய பங்களாக்களில் அந்த ஒரு அங்குலமும் காசு. அடித்தளப் பலகை போடாமல் சீமெந்தின் மேலேயே வினைல் போடுவதானால் தரை மட்டமாக இருக்க வேண்டும். 10 அடிக்குள் 3/16 அங்குலத்துக்கு மேல் மேடு பள்ளம் கூடாது என்று அநேகமான பெட்டிகளில் எழுதியிருக்கும். அதை வாசிக்காமல் போடுகிற ஆக்களின் வேலை ஒரு வருடத்துக்குள் பூட்டு விட்டு, நடக்க நடக்கக் கறகறக்கும்.

"வாட்டர்புறூவ்" என்ற சொல்லையும் அளவோடு நம்புங்கள். பலகைக்கு ஒன்றும் ஆகாது, சரி. பலகைக்குக் கீழே போன தண்ணீர் எங்கே போகும்? 2013 யூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை. 2024 யூலை 16 அன்று கிட்டத்தட்ட 98. இரண்டு தரமும் எத்தனையோ பேஸ்மென்றுகளில் வடிகுழி வழியாகச் சாக்கடை திரும்பி மேலே வந்தது. அப்படி வந்தால் வினைல் தரையையும் கழற்றத்தான் வேண்டும். ஆகவே தரைக்கு ஒதுக்கிய காசில் ஒரு பங்கை முதலில் பின்னோட்டத் தடுப்பு வால்வுக்கும், தேவையென்றால் சம்ப் பம்புக்கும் கொடுங்கள். ரொறொன்ரோ மாநகரசபையில் இதற்கு உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. 311ஐ அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். சாக்கடை திரும்புவதற்கான காப்புறுதி பெரும்பாலும் வீட்டுக் காப்புறுதிக்குள் வராது, தனியாகச் சேர்க்க வேண்டும். சேர்த்திருக்கிறதா என்று இன்றைக்கே பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.

ஸ்காபரோவில் ஐம்பது, அறுபதுகளில் கட்டிய வீடு வாங்கியிருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. காபெற்றைக் கிழிக்கும்போது கீழே 9 அங்குலச் சதுர ரைல்களும் கறுத்தப் பசையும் தெரிந்தால் கை வைக்க வேண்டாம். அதில் அஸ்பெஸ்ரோஸ் இருக்கலாம். சுரண்டினால், உடைத்தால்தான் ஆபத்து. ஒரு துண்டைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு முடிவு எடுங்கள். உடையாமல் இறுகக் கிடந்தால் அப்படியே மூடிவிடவும் வழி உண்டு. சனிக்கிழமை மருமகனும் சிநேகிதரும் சுத்தியலோடு இறங்குகிற வேலை அல்ல இது.

படிக்கட்டையும் மறக்கக்கூடாது. கடைசிப் படியும் தரையும் ஒரே நிறமாக இருந்தால் இரண்டு பார்வைக் கண்ணாடி போட்டவருக்குப் படி முடிந்ததா இல்லையா என்று தெரியாது. ஒன்று குறையவோ கூடவோ கால் வைப்பார். படி விளிம்பில் வேறு நிறத்தில் வழுக்காத பட்டி ஒட்டுவதற்குப் பத்துப் பதினைந்து டொலர். கட்டிலடியில் மிதியடி போடுவதானால் அடியில் றப்பர் ஒட்டியதாக இருக்கட்டும். நுனி சுருண்ட பழைய விரிப்புகளை, ஊரிலிருந்து வந்ததாக இருந்தாலும், சுவரில் மாட்டுங்கள்.

வாங்கும்போது இரண்டு பெட்டி கூடுதலாக வாங்குங்கள். ஐந்து வருடத்துக்குப் பிறகு அதே நிறம் கடையில் கிடைக்காது. அந்த இரண்டு பெட்டியையும் மேலே கராஜ் தட்டில் வையுங்கள், பேஸ்மென்றில் அல்ல.