மவுஸ் யார் கையில்?

போன ஏப்ரல் 14-க்கு நாங்கள் போட்ட துண்டறிக்கையில் நீலம் கத்தரிப்பூ நிறத்தில் வந்தது. ஆயிரம் தாள். தெருவில் கொடுக்கும்போது ஒரு பெரியவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, கொடிய மாத்திட்டீங்களா?" என்றார். நேராக அச்சகத்துக்குப் போய்ச் சண்டை போட்டோம். அவர் அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்: "நீங்க குடுத்த ஃபைல அப்படியே ஓட்டினேன்." உண்மைதான். தப்பு எங்களுடையது.

திரையில் நிறம் என்பது ஒளி. அச்சில் அது மை: சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலு மை. திரையில் பளீரென்று எரிகிற நீலத்தை இந்த நாலு மையாலும் கொண்டுவர முடியாது. மென்பொருளே மாற்றட்டும் என்று விட்டால் அது மெஜந்தாவை அள்ளிப் போடும், நீலம் ஊதாவாகிவிடும். சயான் 100 என்றால் மெஜந்தா 65, 70-ஐத் தாண்டாமல் நாமே வைத்தால் நீலம் நீலமாக நிற்கும். இந்த ஒரு வரி எங்களில் ஒருத்தருக்கும் தெரிந்திருக்கவில்லை. நீலத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கவிதை எழுதியவன் நான்.

இதற்கு முன்னால் எல்லாமே டிடிபி கடைதான். 2011-இல், கல்லூரி முடித்த புதிதில், பொதுக்குளத்தில் எங்கள் ஆட்களை இறங்கவிடாததைக் கண்டித்து ஒரு நோட்டீஸ் எழுதிக்கொண்டு போனோம். கடைக்காரர் பேஜ்மேக்கரில் அடித்தார். நாங்கள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தோம். 'சேரி' என்று வந்த இடத்தில் கை நின்றது. "இது வேணாம் தம்பி, நாளைக்கி எனக்குத்தான் தலைவலி." வாதாடி அந்தச் சொல்லைக் காப்பாற்றினோம். அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தோம், 'ஆதிக்கச் சாதியினர்' என்பது 'சிலர்' ஆகியிருந்தது. மெய்ப்பில் சரியாக இருந்தது, அச்சில் மாறியிருந்தது. மவுஸ் அவர் கையில். எழுதியது நாங்கள் என்பதற்கு அந்தக் கடைக்குள் ஒரு மதிப்பும் இல்லை.

1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழையும், 1907-இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் கொண்டுவந்த பரம்பரை நாம். நூறு வருஷம் கழித்து நாம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தோம்.

அந்தக் கடையை மூடியபோது எங்கள் பழைய வேலைகளை ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று நிற்கிறது. பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் முகமூடி மாட்டியவை. எழுத்துரு இல்லையென்றால் எழுதியதும் இல்லை. பேஜ்மேக்கரும் 2001-இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோனது. அந்த நோட்டீஸ்களை மறுபடி கையால் யூனிகோடில் அடித்தோம். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. நம் தோழர்களில் பாதிப் பேர் இன்னும் பாமினியை விடவில்லை.

"எந்த சாஃப்ட்வேர்ணே நல்லது?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். நான் சொல்கிற முதல் சோதனை இது: அதில் 'சேரி' என்று யூனிகோடில் அடித்துப் பார். கொம்பு சகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும், பின்னால் போய் நின்றால் அதற்கு உன் மொழி இன்னும் தெரியாது. இன்டிசைனில் பத்தி அமைப்பை 'வேர்ல்டு ரெடி' என்று மாற்றினால்தான் சரியாகும். ஸ்க்ரைபஸ் வெகுகாலம் இந்தச் சோதனையில் தோற்றுக்கொண்டிருந்தது. 2024-இல் வந்த 1.6 பதிப்பில் சரியாக வருகிறது. இங்க்ஸ்கேப்பிலும் கிம்ப்பிலும் தொல்லையே இல்லை.

அடுத்தது, எந்த வேலைக்கு எது. நம்மாட்கள் பதினாறு பக்கச் சிறுநூலைக்கூட போட்டோஷாப்பில் செய்கிறார்கள். புகைப்படத்துக்கானது அது, அதே வேலைக்கு இலவசமாகக் கிடைப்பது கிம்ப். சின்னம், எழுத்து வடிவம், சுவரொட்டி ஓவியம் இதற்கெல்லாம் கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டர், இலவசத்தில் இங்க்ஸ்கேப். பக்கம் கட்ட இன்டிசைன், இல்லாவிட்டால் ஸ்க்ரைபஸ். வாட்ஸப்பில் வந்த அம்பேத்கர் படத்தைப் பத்தடி ஃப்ளெக்ஸுக்கு இழுத்தால் முகம் கட்டம் கட்டமாக உடையும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது அச்சுக் கணக்கு. 1500 புள்ளி அகலமுள்ள படம் நல்ல அச்சில் ஐந்து அங்குலம்தான் தாங்கும். ஃப்ளெக்ஸுக்குக் கொஞ்சம் குறைந்தாலும் போதும், ஆனால் பத்தடிக்கு நிச்சயம் காணாது. அதே படத்தை இங்க்ஸ்கேப்பில் கறுப்பு வெள்ளைக் கோட்டுருவாக மாற்றிக்கொண்டால் எத்தனை அடிக்கு வேண்டுமானாலும் இழுக்கலாம்.

காசு விஷயம். 2013-இலிருந்து அடோபி தன் புதிய பதிப்புகளை விற்பதில்லை, மாத, வருஷச் சந்தாவுக்குத்தான் விடுகிறது. சந்தா நின்றால் கதவு சாத்தப்படும், நாம் கட்டிய பக்கத்தையே நம்மால் திறந்து திருத்த முடியாது. தவணை தவறியவர்கள் முகத்தைத் தினமும் கவுண்டருக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்கிற எனக்கு அது புரியும். திருட்டுக் காப்பி போட்டால் என்ன என்பார்கள். நான் ஒழுக்கம் பேச வரவில்லை. எங்கிருந்தோ இறக்கிய அந்தக் காப்பியோடு வேறு என்ன வந்து இறங்குகிறது என்று யாருக்குத் தெரியும்? அதே கணினியில்தான் அமைப்பின் முகவரிப் பட்டியல் இருக்கிறது.

கான்வா பற்றியும் சொல்ல வேண்டும். நாளைக் காலை கூட்டம், கையில் போன்தான் இருக்கிறது என்றால் அதில் செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் அச்சுக்கான நாலு மை நிறத்தில் இறக்க இலவசக் கணக்கு போதாது, பணம் கட்ட வேண்டும். அதன் தயார் வடிவங்கள் யாரோ யாருக்கோ தைத்த சட்டை. சாதிக் கொலையைக் கண்டித்து ஒரு தம்பி செய்த சுவரொட்டியின் ஓரமெல்லாம் கல்யாணப் பத்திரிகைப் பூ. கவனிக்கவே இல்லை என்றான்.

கற்றுக்கொள்வது பெரிய வித்தை இல்லை. வீடியோ பார்த்துக்கொண்டே இருந்தால் வராது. இங்க்ஸ்கேப்பில் ஒரு பறையை வரையச் சொல்வேன். ஒரு வட்டம், உள்ளே இன்னொரு வட்டம், ஒரு நீளக் குச்சி, ஒரு குட்டைக் குச்சி. கோட்டின் தடிமன், நேர்ப்படுத்துவது, தொகுப்பது, அடுக்கு என்று பாதிப் பாடம் அதிலேயே முடியும். அப்புறம் பழைய துண்டறிக்கை ஒன்றை அளவுகோலால் அளந்து, ஸ்க்ரைபஸில் அச்சு அசலாகக் கட்ட வேண்டும். ஓரத்தில் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் விட வேண்டும். எழுத்துருவுக்கு பலூ தம்பி, முக்த மலர், ஹிந்த் மதுரை எல்லாம் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிறகு நகல் எடுத்துச் சுவரில் ஒட்டிப் பத்தடி தள்ளி நின்று படிக்க வேண்டும். திரையில் அழகாக இருந்தது பாதி அங்கே செத்துவிடும்.

சொல்லக் கூச்சமாக இருக்கிற ஒன்றும் உண்டு. கடைக்காரரிடமிருந்து மவுஸை வாங்கிய நாம் அதை 'சிஸ்டம் தெரிஞ்ச தம்பி' ஒருத்தனிடம் கொடுத்துவிட்டு மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டோம். அவனுக்கு வேலை கிடைத்து ஓசூருக்குப் போனதும் நாலு மாதம் இதழ் வரவில்லை. பெண் தோழர்கள் மெய்ப்புப் பார்ப்பார்கள், மடிப்பார்கள், தபால்தலை ஒட்டுவார்கள். அந்த நாற்காலியில் அவர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, உட்காரச் சொன்னதும் இல்லை.

இந்த டிசம்பர் 6 சுவரொட்டியை இரண்டாமாண்டு படிக்கிற ஒரு தங்கை செய்கிறார். நீலத்துக்கு சயான் 100, மெஜந்தா 65 வைத்திருக்கிறார். இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கலாமே என்றேன். "திரையப் பாத்து சொல்லாதீங்கண்ணா, அச்சகத்துல ஒரு தாள் ஓட்டிப் பாப்போம்" என்றார். சனிக்கிழமை போகிறோம்.