கும்பிடும் கையும் மடியில் துப்பாக்கியும்

பூந்தமல்லிப் பக்கத்துத் தோழர் ஒருவர் நமக்கு ஒரு கேள்வி எழுதியிருக்கின்றார். "கோவிலிலும், மாதா கோவிலிலும், மசூதியிலும் கூடியிருக்கும் ஜனங்களைச் சுட்டுக் கொல்லுகிறார்கள். அமெரிக்காவில் ஜெபத்திற்கு வருகிறவர்களே சட்டைக்குள் துப்பாக்கி வைத்துக்கொண்டு காவல் காக்கிறார்களாம். நம் ஊர்த் திருவிழாக் கமிட்டியாரும் அப்படிச் செய்தால் என்ன என்று சிலர் பேசுகிறார்கள். நாமோ சுயமரியாதைக்காரர்கள். சாமிக்குச் சக்தி இருந்தால் சாமியே பார்த்துக் கொள்ளட்டும் என்று சும்மா இருந்துவிடலாமா? அல்லது இதில் நமக்கும் ஏதாவது வேலை உண்டா?" என்பது அவரது கேள்வி.

நல்ல கேள்வி. வேலை உண்டு என்பதே நமது அபிப்பிராயம். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுத உத்தேசிக்கின்றோம்.

முதலில் சாமியின் சங்கதியைப் பேசி முடித்து விடுவோம். நம் நாட்டுக் கடவுள்களில் ஆயுதம் இல்லாத கடவுளைக் காண்பது அரிது. முருகனுக்கு வேல், பெருமாளுக்குச் சக்கரம், காளிக்கும் மாரிக்கும் சூலம், ஊர் எல்லையில் நிற்கும் அய்யனாருக்கும் முனீஸ்வரனுக்கும் ஆள் உயர அரிவாள். இவ்வளவு ஆயுதங்களையும் இத்தனை கைகளில் பிடித்துக்கொண்டிருக்கிற சாமிகளுக்கு, வாசலில் ஒரு மெட்டல் டிடெக்டரும், துப்பாக்கி பிடித்த ஒரு போலீஸ்காரரும், சுவரில் ஒரு காமிராவும், உண்டியலுக்குப் பூட்டின்மேல் பூட்டும் வேண்டியிருக்கின்றன. இதைக் கொண்டுவந்து வைத்தவர்கள் நாம் அல்ல. பக்தர்களும், தர்மகர்த்தாக்களும், அறநிலையத்துறையாருமே வைத்தார்கள். நாத்திகன் நூறு மேடையில் பேசிச் சொல்ல வேண்டியதை, கோவில் வாசலில் நிற்கும் அந்த இரும்பு நிலைப்படி வாய் திறவாமல் தினமும் சொல்லிக்கொண்டிருக்கின்றது.

ஆவடியில் டாங்கி செய்கிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்து ஓட்டுகிறார்கள். அங்கே ஆயுத பூசையன்று இயந்திரத்திற்குச் சந்தனம் பூசிப் பூசணிக்காய் உடைப்பதும் உண்டு. ஆனால் மறுநாள் காலை வேலை தொடங்கும்போது எந்தத் தொழிலாளியும் பூசணிக்காயை நம்பிக் கையை உள்ளே விடுவதில்லை. தடுப்புத் தகடு இருக்கின்றதா, சுவிட்சு அணைந்திருக்கின்றதா என்றுதான் பார்க்கின்றான். கையைக் காப்பாற்றுவது எது என்பது அவனுக்குத் தெரியும். கோவில் காவலும் இப்படிப்பட்ட ஒரு காரியமேயாகும்.

நிற்க, இத்துடன் நாம் கையைத் தட்டிச் சிரித்துவிட்டுப் போய்விடலாமா என்றால், கூடாது என்றே சொல்லுவோம். கடவுள் பொய்யாயிருக்கலாம், கும்பிட வந்தவன் உடம்பில் பாயும் குண்டு பொய்யல்ல. பக்தனாயிருந்தாலும் அவன் நம் அண்ணன், தம்பி, அக்காள், தங்கை. அவன் அறிவைப்பற்றி நமக்குக் குறை இருக்கலாம். அவன் உயிரைப்பற்றி நமக்கு அலட்சியம் இருக்குமானால் நாம் பகுத்தறிவுக்காரர்கள் என்று சொல்லிக்கொள்ள யோக்கியதை அற்றவர்களாவோம்.

இனி, மறைத்து வைத்த ஆயுதம் தொழுகையிடத்திற்குள் எப்படி நுழைகின்றது என்பதைப் பார்ப்போம். 30-1-1948-ல் டில்லி பிர்லா மாளிகையில் காந்தியார் பிரார்த்தனைக்கு நடந்து போகும்போது கோட்சே எதிரே வந்து, கைகூப்பிக் குனிந்து, மறைத்து வைத்திருந்த கைத்துப்பாக்கியால் மூன்று முறை சுட்டான். பத்து நாட்களுக்கு முன்னால், 20-1-1948-ல், அதே பிரார்த்தனை மைதானத்தில் வெடி வெடித்திருந்தது. அதன் பின் வருகிறவர்களைச் சோதனை போட வேண்டுமென்று சர்க்கார் சொல்லியும், பிரார்த்தனைக்கு வருகிறவர்களைச் சோதிக்கக் கூடாதென்று காந்தியார் மறுத்துவிட்டார்.

நமது பக்கத்திலேயே இன்னொன்று. 21-5-1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்ற பெண், ஆடைக்குள் வெடிகுண்டைக் கட்டிக்கொண்டு, கையில் சந்தன மாலையுடன் வந்து, காலைத் தொடுவதுபோல் குனிந்தாள். அந்த வழக்கு நம் பூந்தமல்லித் தனிக்கோர்ட்டில் நடந்து, 28-1-1998-ல் 26 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டதையும், மறு ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு அதில் நால்வருக்கு மட்டும் அதை உறுதி செய்ததையும் இப்பகுதியார் அறிவார்கள். அது கோவில் அல்ல, தேர்தல் கூட்டந்தான். ஆனாலும் இரண்டு கொலைகளிலும் உள்ள ஒற்றுமையைக் கவனியுங்கள். அங்கே கும்பிட்ட கை. இங்கே மாலை பிடித்த கை. அங்கேயும் குனிந்தார்கள், இங்கேயும் குனிந்தார்கள். ஆயுதத்தை மறைக்கத் துணியைவிடப் பக்தியே நல்ல திரையாய் உதவியிருக்கின்றது.

இலங்கையில் நம் தமிழ் மக்களுக்குள் நடந்ததைப் பாருங்கள். யாழ்ப்பாண மேயர் ஆல்பிரட் துரையப்பா 27-7-1975-ல் பொன்னாலை வரதராசப் பெருமாள் கோவிலுக்குக் கும்பிட வந்த இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். பார்லிமெண்டு உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் 2005-ம் வருஷ கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசையில், மட்டக்களப்பு மாதா கோவிலுக்குள்ளேயே கொல்லப்பட்டார். பார்லிமெண்டு உறுப்பினர் மகேஸ்வரன் 1-1-2008-ல் கொழும்பு பொன்னம்பலவாணேஸ்வரர் கோவிலில் கொல்லப்பட்டார். காத்தான்குடியில் 3-8-1990 இரவு இரண்டு மசூதிகளில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்களைச் சுட்டுத் தள்ளினார்கள். பெருமாளும் காக்கவில்லை, மாதாவும் காக்கவில்லை, நடராசரும் காக்கவில்லை, அல்லாவும் காக்கவில்லை. இதில் எந்த மதத்தானும் மற்றவனைப் பார்த்து, "உன் சாமிதான் கையாலாகாதது" என்று சொல்ல இடமே இல்லை.

இவ்வளவுக்கும் காரணம் என்ன? கும்பிட வருகிறவன் நல்லவனாகத்தான் இருப்பான் என்கிற குருட்டு எண்ணமே பெரிய காரணம் என்போம். நெற்றியில் பூசியிருப்பதும், கழுத்தில் தொங்குவதும், தலையில் போட்டிருப்பதும் ஒருவனுடைய ஒழுக்கத்திற்கு நற்சாட்சிப் பத்திரம் ஆகிவிட்டன. நம் நாட்டிலோ இது இன்னும் மோசம். நூற்றுக்கணக்கான வருஷங்களாகக் கோவில் வாசலில் சோதனை இல்லாமலா இருந்தது? இருந்தது. வருகிறவன் எந்த ஜாதி, தகப்பன் யார், பாட்டன் யார் என்கிற சோதனை இருந்தது. மதுரை மீனாட்சி கோவிலுக்குள் தாழ்த்தப்பட்ட தோழர்கள் 1939-ல் நுழைந்ததற்கு எவ்வளவு கூச்சல்! ஒரு மனிதனின் பிறப்பை அவ்வளவு அக்கறையாய்ச் சோதித்த கூட்டத்தார், அவன் மடியைச் சோதிக்க மட்டும் மறந்துபோனார்கள். உள்ளே போகக்கூடாதது மனிதனா, ஆயுதமா என்று அவர்களுக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

சரி, அப்படியானால் கும்பிட வருகிறவர்களில் நாலு பேர் மறைவாய்த் துப்பாக்கி வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். இதற்கு அமெரிக்கா டெக்சாஸில் நடந்ததை உதாரணம் காட்டுகின்றார்கள். நேர்மையாகவே அதைப் பார்ப்போம். 29-12-2019-ல் ஒயிட் செட்டில்மெண்ட் என்ற ஊர் மாதா கோவிலில் ஒருவன் துப்பாக்கியை எடுத்துச் சுட்டான். காவலுக்கு இருந்த சபைக்காரர் ஒருவர் ஆறே வினாடியில் அவனைச் சுட்டு வீழ்த்தினார். வாஸ்தவம். ஆனால் அந்த ஆறு வினாடிக்குள் சபையார் இருவர் செத்துப்போனார்கள். செத்தவரில் ஒருவர் தாமும் துப்பாக்கி வைத்திருந்து, அதை எடுக்கப் போனவர். வீழ்த்தினவரோ பிறருக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர். அப்படிப்பட்டவர் நம் தெருக் கமிட்டியில் எத்தனை பேர் இருக்கின்றார்கள்? ஆடி மாதத்தில் திருவேற்காட்டுக் கோவிலிலோ மாங்காட்டுக் கோவிலிலோ கூடுகின்ற நெரிசலில், ஒரு பட்டாசுச் சத்தம் கேட்டு ஒருவர் மடியிலிருந்து துப்பாக்கியை எடுத்தால், அவரைப் பார்த்து இன்னொருவர் எடுத்தால், யார் கள்ளன், யார் காவலன் என்று கண்டுபிடிப்பது எப்படி? குண்டு சாகடிப்பதைவிட, ஓடுகிற கூட்டம் மிதித்துச் சாகடிப்பது அதிகமாக இருக்கும். மகேஸ்வரன் போனபோதும் மெய்க்காவலர் துப்பாக்கியுடன் உடனிருந்தார். அவர் திருப்பிச் சுட்டுக் கொலையாளியைக் காயப்படுத்தியும், மகேஸ்வரன் பிழைக்கவில்லை. கோவிலுக்கு வந்திருந்த மற்றவர்களும் அடிபட்டார்கள்.

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. 4-12-2024-ல் அமிர்தசரஸ் பொற்கோவில் வாசலில் அகாலித் தலைவர் சுக்பீர் சிங் பாதல் உட்கார்ந்திருந்தபோது, ஒருவன் மறைத்து வைத்திருந்த துப்பாக்கியை உருவினான். பக்கத்தில் சாதாரண உடையில் நின்ற போலீஸ்காரர் பாய்ந்து அவன் கையை மேலே தள்ளிவிட்டார். குண்டு சுவரில் பட்டது. ஒரு உயிரும் போகவில்லை. அன்று காப்பாற்றியது பழக்கப்பட்ட ஒரு மனிதனின் கண்ணும் கையுமேயாகும்.

அன்றியும், நம் நாட்டில் சட்டம் என்ன சொல்லுகிறது என்பது பலருக்குத் தெரியாது. பொற்கோவிலுக்குள் ஆயுதம் குவித்து வைத்ததால் 1984-லும் 1988-லும் நேர்ந்த விபரீதங்களைப் பார்த்த பிறகு, மத ஸ்தாபனங்களைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 1988-ல் இந்திய சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. அதன்படி எந்த மதத்தின் கோவிலானாலும், அதன் நிர்வாகி ஆயுதத்தையோ, ஆயுதம் தாங்கிய ஆளையோ உள்ளே விடக்கூடாது. விட்டால் ஐந்து வருஷம் வரை சிறையும், பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சீக்கியரின் கிர்ப்பானுக்கும், வழக்கமான சடங்கிற்குரிய ஆயுதத்திற்கும் மட்டுமே விலக்கு. துப்பாக்கி லைசென்ஸ் வாங்கினவர்களுக்கும், தனி அனுமதியில்லாமல் திருவிழா, மத ஊர்வலம், பொதுக்கூட்டம் முதலிய இடங்களுக்கு அதைக் கொண்டுபோகக் கூடாது என்று லைசென்ஸிலேயே நிபந்தனை இருக்கின்றது. ஆகவே லைசென்ஸ் இருக்கிறது என்று இடுப்பைத் தட்டிக் காட்டுகிற கனவான்களைக் கண்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை. பெரிய மனிதர் கும்பிட வருகிறார் என்று அவருடைய தனி ஆட்கள் துப்பாக்கியுடன் கர்ப்பக்கிருகம் வரை போவதை நிர்வாகிகள் பல்லிளித்துக்கொண்டு பார்த்திருப்பார்களானால், குற்றவாளி அந்த நிர்வாகிகளே ஆவார்கள்.

காவல் என்பது துப்பாக்கி மாத்திரம் அல்ல என்பதற்கு இலங்கையே மற்றொரு பாடம். 21-4-2019 ஈஸ்டர் ஞாயிறன்று மூன்று மாதா கோவில்களிலும் மூன்று ஓட்டல்களிலும் வெடித்த குண்டுகளுக்கு 260-க்கு மேற்பட்டவர்கள் பலியானார்கள். தாக்குதல் வரப்போகிறது என்று இந்தியாவிலிருந்து முன்கூட்டியே தகவல் போயிருந்தது. வாங்கி வைத்துக்கொண்டவர்கள் தூங்கினார்கள். 2023 ஜனவரியில் இலங்கைச் சுப்ரீம் கோர்ட்டு, அப்போது ஜனாதிபதியாயிருந்தவரையும் அதிகாரிகளையும் கைப்பணம் கொடுத்து நஷ்டஈடு கட்டும்படி உத்தரவிட்டது. விதி என்றோ, ஆண்டவன் சித்தம் என்றோ சொல்லி அவர்களைத் தப்பவிடவில்லை. பகுத்தறிவு என்பது இதுதான். செத்தவன் தலையெழுத்தைப் படிப்பதை விட்டு, உயிரோடிருக்கிறவன் கடமையைப் படிக்க வேண்டும்.

இன்னொரு சங்கதியையும் சொல்லாமல் விட முடியாது. கோவிலைக் காக்கிற காவலாளியைக் காப்பது யார்? சிவகங்கை ஜில்லா மடப்புரம் பத்ரகாளியம்மன் கோவிலில் தற்காலிகக் காவலாளியாயிருந்த ஒரு வாலிபர், ஒரு நகை காணோம் என்ற புகாரின்பேரில் போலீசாரால் பிடிக்கப்பட்டு, 28-6-2025-ல் அவர்கள் காவலிலேயே அடிபட்டு மாண்டுபோனார். போலீஸ்காரர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ. வசம் போயிற்று. சூலம் பிடித்த காளி தன் வாசலில் நின்ற ஏழைப் பிள்ளைக்காக ஒரு விரலையும் அசைக்கவில்லை. அவருக்கு ஆதரவாய்ப் பேசினவர்கள் மனிதர்களே. சாமிக்குத் தங்கக் கவசம் செய்கிறவர்கள், வாசலில் இரவெல்லாம் விழித்திருக்கிறவனுக்கு நிரந்தர வேலையும், வயிறார உண்ணச் சம்பளமும் கொடுக்க யோசிப்பதேன் என்று கேட்கின்றோம்.

ஆகவே நாம் சொல்லுவது இது. 1988-ம் வருஷச் சட்டத்தை நல்ல தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொரு கோவில், மசூதி, மாதா கோவில் வாசலிலும் மாட்டுங்கள். சோதனை போடுவதானால் எல்லோருக்கும் ஒரே மாதிரி போடுங்கள். தர்மகர்த்தாவுக்கும், பூசாரிக்கும், மந்திரிக்கும் விலக்கு வேண்டாம். ஒரு மதத்தான், ஒரு ஜாதியான், கந்தல் உடுத்தினவன் என்று பார்த்து நிறுத்தவும் வேண்டாம். பெண்களைப் பெண்களே சோதிக்கட்டும். உள்ளே போக ஒரு வழி இருந்தால் வெளியே ஓட நாலு வழி இருக்கட்டும். ஆயுதம் தாங்குவது பழக்கப்பட்ட, கடமையிலுள்ள போலீசாருக்கு மட்டும் உரியதாகட்டும். ஊர்வலத்தில் வாளும் சூலமும் வீசி ஆடுவதைச் சடங்கு என்ற பெயரால் புதிதாய்க் கிளப்பிவிடுகிறவர்களுக்கு இடங்கொடாதீர்கள்.

நம் இயக்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. மறைத்து வைத்த துப்பாக்கி நமக்கும் அந்நியமல்ல. பகுத்தறிவு பேசிய தபோல்கர் 20-8-2013-ல் பூனாவில் காலையில் உலாவப் போனவரைச் சுட்டுக் கொன்றார்கள். பின்னர் பன்சாரே, கல்புர்கி, கௌரி லங்கேஷ் ஆகியோரையும் அவ்விதமே கொன்றார்கள். தபோல்கர் போலீஸ் பாதுகாப்பு வேண்டாமென்றே இருந்தவர். அவர் செத்ததால் அவர் கொள்கை சாகவில்லை. அவர் கேட்ட மூட நம்பிக்கை ஒழிப்புச் சட்டம் அந்த வருஷமே மகாராஷ்டிரத்தில் வந்தது. ஆகையால் பக்தன் சுடப்பட்டபோது நாம் சிரித்தோமானால், நாம் சுடப்படும்போது சிரிப்பவனைக் குறை சொல்ல நமக்கு வாய் இராது.

எனவே, பூந்தமல்லித் தோழருக்கு நமது பதில்: வரும் திருவிழாவில் கூட்டத்தை ஒழுங்கு செய்யவும், தண்ணீர் கொடுக்கவும், வழிவிடச் செய்யவும் ஆள் வேண்டுமென்றால் கருப்புச் சட்டையோடேயே போய் நில்லுங்கள். கும்பிட வேண்டாம்; காவல் செய்யுங்கள். "சாமி இல்லை என்கிற நீ இங்கே ஏன் வந்தாய்?" என்று யாராவது கேட்டால், "இல்லாததனால்தான் வந்தேன்; இருந்தால் நான் எதற்கு?" என்று சொல்லுங்கள். கேட்டவர் வீடு போய்ச் சேருவதற்குள் சற்றாவது யோசிப்பார் என்றே நம்புகின்றோம்.