அமெரிக்க வேலையா தோழி... குழந்தையை யார் பார்ப்பாங்க?

சென்னையில் பிறந்து, 1978-ல் யேல் பல்கலைக்கழகத்தில் படிக்க அமெரிக்கா போனவர் இந்திரா நூயி. 2006 முதல் 2018 வரை பெப்சிகோவின் சி.இ.ஓ. இந்த வளர்ச்சிக்குத் திறமை மட்டுமல்ல, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இந்தியாவிலிருந்து முறைபோட்டு வந்த சொந்தபந்தங்களும் காரணம்னு வெளிப்படையாகச் சொல்பவர்.

அங்கே கிளம்பப்போகும் நீங்கள் இதைக் கவனிக்கணும். நம் சட்டம், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு தருகிறது. அமெரிக்க மத்திய சட்டத்தில் 12 வாரம்தான். அதுவும் சம்பளம் கிடையாது. அதனால்தான் பிரசவம்னா அம்மாவை வரவழைக்கிறோம். டூரிஸ்ட் விசாவில் வரும் அம்மாவோ பொதுவாக ஆறு மாதத்தில் கிளம்பியாகணும். அப்புறம்?

குழந்தைப் பராமரிப்பு வெறும் வீட்டுப் பிரச்னை அல்ல, பொருளாதாரப் பிரச்னை என்கிறார் நூயி. எனவே, வேலை பேசும்போதே சம்பளத்தோடு விடுப்பையும் கேளுங்கள். அம்மா வர முடியாத பெண்ணும் சி.இ.ஓ ஆகணும் இல்லையா?