சுண்டைக்காயும் சுமைகூலியும்

சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. பொருளின் விலையை விட அதனைச் சுமந்து வரும் கூலி மிகுந்துவிட்டால், வாங்கியவன் எதற்குப் பணம் கொடுத்தான் என்பதே விளங்காமற் போகும். சந்தையிலே காய்கறி வாங்கியவர்களுக்காகப் பிறந்த இப்பழமொழி, கைத்தொலைபேசியின் திரையைத் தொட்டு உணவு தருவிக்கும் இந்நாளைய குடும்பங்களுக்கும் நன்கு பொருந்துகின்றது. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. அன்று சுமைகூலி கண்முன்னே தெரிந்தது. கூலிக்காரனோடு பேரம் பேசவும் இடமிருந்தது. இன்று அது பல கூறுகளாகப் பிரிந்து, சில கூறுகள் சிட்டையின் அடியிலும், வேறு சில சிட்டைக்கு வெளியிலும் மறைந்து நிற்கின்றது.

திரியாயிலிருந்து எழுதுகிற ஒருவனுக்கு இவ்விடயத்தில் என்ன அக்கறை என வாசகர் வினவலாம். திருகோணமலை நகருக்கு வடக்கே, புல்மோட்டை செல்லும் வீதியில் ஏறத்தாழ 45 கிலோமீற்றர் தொலைவில், வயலுக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் எமது ஊரின் படலைகளில் உணவுப் பெட்டி சுமந்த மோட்டார்ச் சைக்கிள் வந்து நிற்பதில்லை. ஆனால், 1985இல் வீடுகள் எரியுண்டு, மக்கள் இடம்பெயர்ந்து, பல்லாண்டுகளின் பின் மீளக் குடியேறிய இவ்வூரின் பிள்ளைகள் பலர், படிப்பின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் இன்று கொழும்பிலே அறையெடுத்துத் தங்கியிருக்கின்றனர். அவர்களுட் பலருக்கு இங்கிருந்து செல்லும் பணம் நெல் விற்ற பணம். ஆதலின் கொழும்பில் எழுதப்படும் சிட்டையின் ஒரு பகுதியைத் திரியாயின் வயலே செலுத்துகின்றது.

இம்முறை நம் நாட்டுக்கு வந்து நெடுங்காலம் ஆகவில்லை. 2018ஆம் ஆண்டிலே ஊபர் ஈட்ஸ் கொழும்பிற் கால் வைத்தது. உள்நாட்டு நிறுவனமாகிய பிக் மீயும் தன் உணவுச் சேவையைத் தொடங்கிற்று. 2020 மார்ச் மாதத்தில் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டு நாடே வீட்டுக்குள் அடைபட்டபோது, வாசலுக்குப் பொருள் வந்து சேரும் வழக்கம் பலருக்கும் பழகிவிட்டது. நோயாளிக்கும், துணையற்ற முதியவருக்கும், பிள்ளை பெற்ற வீட்டுக்கும், இரவு வேலை முடிந்து திரும்பும் தாதிக்கும் இது பேருதவி என்பதனை யாரும் மறுக்கமாட்டார். நாம் ஆராய்வது உதவியை அன்று. அதன் உண்மையான விலையை.

முதலிலே கடைக்காரரின் பக்கத்தைப் பார்ப்போம். செயலி வழியாக விற்கும் ஒவ்வோர் உணவுக்கும் உணவகத்தார் நிறுவனத்துக்குத் தரகு கொடுக்கவேண்டும். அமெரிக்காவில் டோர்டாஷ், ஊபர் ஈட்ஸ் ஆகிய இரு நிறுவனங்களும் 2021இல் வெளியிட்ட திட்டங்களின்படி இத்தரகு நூற்றுக்குப் பதினைந்து, இருபத்தைந்து, முப்பது என மூன்று படிகளாக அமைந்தது. கூடிய தரகு கொடுக்கும் கடை வாடிக்கையாளரின் கண்ணில் முன்னே படும். குறைந்த தரகு கொடுக்கும் கடை பின்னே தள்ளப்படும்.

இனி ஒரு சிறு கணக்குப் போடுவோம். கடையிலே 700 ரூபாவுக்கு விற்கும் சோற்றுப் பார்சல் ஒன்றை எடுத்துக்கொள்க. தரகு நூற்றுக்கு முப்பது என வைத்துக்கொள்வோம். கடைக்காரர் விலையை ஏற்றாமல் விட்டால் அவர் கையில் எஞ்சுவது 490 ரூபா. அரிசியும் மீனும் எரிவாயுவும் வாங்கவேண்டிய அவர் அதனை எங்ஙனம் ஈடுசெய்வார்? ஒன்றில் மீன் துண்டு சிறுக்கும், அல்லது செயலியில் விலை ஏறும். விலையை எவ்வளவு ஏற்றினாற் போதும் என மாணவரைக் கேட்டால், முப்பது வீதம் என உடனே விடை சொல்வர். அது பிழை. முப்பது வீதம் ஏற்றினால் விலை 910 ரூபா. அதில் முப்பது வீதத் தரகு 273 ரூபா போக எஞ்சுவது 637 ரூபாவே. கடைக்காரருக்குப் பழைய 700 ரூபா கிடைக்கவேண்டுமாயின் செயலியில் 1,000 ரூபா எனப் போடவேண்டும். தரகு முப்பது வீதமாக இருக்க, வாங்குபவரின் தலையில் ஏறும் சுமை ஏறத்தாழ நாற்பத்து மூன்று வீதம்! இந்த 300 ரூபா சிட்டையில் எங்கும் தனியாக எழுதப்படுவதில்லை. அது உணவின் விலை என்ற பெயரிலேயே உள்ளே புகுந்துகொள்கின்றது.

அதன் மேலே கொண்டுவரும் கட்டணம், சேவைக் கட்டணம், சிறு கட்டளைக்கான தனிக் கட்டணம், மழை நாளிலும் நெரிசல் வேளையிலும் கூடும் கட்டணம் எனப் பலவும் வந்து சேரும். பதிவு பெற்ற வணிகமாயின் பெறுமதி சேர் வரியும் உண்டு. அது 2024 சனவரி 1 முதல் நம் நாட்டில் நூற்றுக்குப் பதினெட்டாக உயர்ந்தது. விலை உயர்ந்தால் அதன்மேற் கணிக்கப்படும் வரியும் கூடவே உயரும் என்பதனையும் கருதுக.

சிறு கட்டணந்தானே எனச் சொல்பவர்க்கு இந்தியாவின் அனுபவம் ஒரு பாடம். அங்கே சொமாட்டோ நிறுவனம் 2023 ஓகஸ்ட் மாதத்தில் ஒரு கட்டளைக்கு 2 ரூபா எனத் தளக் கட்டணம் ஒன்றைப் புகுத்திற்று. 2024 ஒக்டோபரில் அது 10 ரூபாவாயிற்று. பதினான்கு மாதத்தில் ஐந்து மடங்கு! இரண்டு ரூபாவுக்காக எவரும் சண்டையிடார் என்பது வணிகர் அறிந்த உண்மை. முதலிற் சிறு விலையைக் காட்டி, வாங்குபவர் மனம் ஒன்றிய பின்பு கட்டணங்களை ஒவ்வொன்றாகச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும் தந்திரத்தை, 2023 நவம்பரில் இந்திய நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டல், தடை செய்யவேண்டிய பதின்மூன்று ஏமாற்று முறைகளுள் ஒன்றாகக் குறித்திருக்கின்றது.

கழிவு என்பதும் இத்தகையதே. “ஐம்பது வீதக் கழிவு” எனப் பெரிய எழுத்திலும், அதற்குரிய உச்ச எல்லை சிறிய எழுத்திலும் இருக்கும். குறைந்தது இவ்வளவு தொகைக்கு வாங்கவேண்டும் என்ற நிபந்தனையும் உடன்வரும். ஒருவேளை உணவுக்கு இருந்தவர், கழிவை இழக்க மனமின்றி இனிப்பும் குளிர்பானமும் சேர்த்து வாங்குவார். இலாபம் பெற்றதாக அவர் எண்ணுவார்; உண்மையில் வேண்டாத பொருளுக்குப் பணம் கொடுத்திருப்பார்.

உணவகத்தாரும் இம்முறையால் மகிழ்ந்திருக்கின்றனர் அல்லர். இந்திய தேசிய உணவக சங்கம் முறையிட்டதன் பேரில், சொமாட்டோ, ஸ்விகி ஆகிய நிறுவனங்களின் நடைமுறைகளை விசாரிக்குமாறு இந்தியப் போட்டி ஆணையம் 2022 ஏப்பிரலில் உத்தரவிட்டது. தமிழ்நாட்டின் நாமக்கல் நகரத்து உணவக உரிமையாளர்கள் ஒருபடி மேலே சென்று, 2025 யூலை 1 முதல் அவ்விரு செயலிகளுக்கும் உணவு கொடுப்பதில்லை எனக் கூட்டாக அறிவித்தனர். தாங்கவொண்ணாத் தரகு, வெளிப்படையாகச் சொல்லப்படாத பிடித்தங்கள், தம்மைக் கேளாமலே அறிவிக்கப்படும் கழிவுகள் என்பன அவர்தம் குறைகள். சிறு நகரொன்றின் கடைக்காரர் ஒன்றுகூடி மறுத்த அச்செய்தி, தரகின் பாரம் எத்துணையது என்பதற்குத் தக்க சான்றாகும்.

இவ்வளவும் கொடுத்தும் அப்பணம் சுமந்து வருபவருக்காவது போய்ச் சேருகின்றதா? எம்மிடம் கற்று, இப்போது கொழும்பிலே இத்தொழில் செய்யும் இளைஞர் ஒருவர் சித்திரை விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது கூறினார்: “சேர், ஓடுகிற ஓட்டத்துக்குத்தான் காசு. சாப்பாடு ஆயத்தமாகும் வரைக்கும் கடை வாசலில் நிற்கிற நேரம் என்னுடைய கணக்கு.” மோட்டார்ச் சைக்கிள் அவருடையது, அதன் தவணைப் பணமும் பெற்றோலும் தேய்மானமும் அவருடையவை, விழுந்தால் முறிகிற காலும் அவருடையதே.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதிக்கு, ஊழியர் சம்பளத்தில் எட்டு வீதமும் தொழில்கொள்வோர் பன்னிரண்டு வீதமும் செலுத்தவேண்டும். ஆனால் செயலி நிறுவனம் இவரை ஊழியர் என்று அழைப்பதில்லை. தனித்தியங்கும் பங்காளர் என்கிறது. பங்காளர் என்ற அழகிய பெயரால் அப்பன்னிரண்டு வீதமும் மறைந்துபோகின்றது. இவரது முதுமைக்குச் சேமிப்பு ஏது? அந்நாளில் அச்சுமை குடும்பத்தின் மீதும், திரியாய் போன்ற ஊர்களின் மீதும் அன்றோ விழும்? நியூயோர்க் மாநகரம் 2023இல் இவ்வகைத் தொழிலாளருக்கு மணிக்கு 17.96 டொலர் என்ற ஆகக் குறைந்த ஊதியத்தை விதித்தது. இந்தியாவில் இராசத்தான் அரசு அதே ஆண்டில் இவர்களது நலனுக்கெனத் தனிச் சட்டம் இயற்றிற்று. செய்ய மனமிருந்தால் வழியுண்டு என்பதற்கு இவை சான்று.

இன்னொரு செலவு குப்பைத்தொட்டியிலே கிடக்கின்றது. 2017 ஏப்பிரலில், புத்தாண்டு நாளன்று, மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து வீடுகளைப் புதைத்து முப்பதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அவ்வாண்டு செப்தெம்பர் முதலாந் தேதியிலிருந்து பொலித்தீன் உணவுத் தாளும் றெஜிபோம் உணவுப் பெட்டியும் தடை செய்யப்பட்டன. ஆயினும் ஒருவேளை உணவுக்குப் பெட்டியும், குழம்புக்கு வேறு சிமிழும், கரண்டியும், மேலுறையுமாக நாம் தருவிக்கும் பொருள்கள் எங்கே போய்ச் சேருகின்றன? நம் வாசலை விட்டு நீங்கிய குப்பை மற்றொருவர் வாசலுக்கே செல்கின்றது.

இனி மீண்டும் நமது கணக்குக்கு வருவோம். 1,000 ரூபா எனப் போட்ட பார்சலோடு கொண்டுவரும் கட்டணம் 150 ரூபாவும் சேவைக் கட்டணம் 50 ரூபாவும் சேர்ந்தால் 1,200 ரூபா. கடைக்கு நடந்து சென்று வாங்கினால் 700 ரூபா. மிகை 500 ரூபா. வாரத்தில் மூன்று முறை எனின் 1,500 ரூபா. ஐம்பத்திரண்டு வாரத்தில் 78,000 ரூபா. இது உணவின் விலையன்று, சுமைகூலி மாத்திரம். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டரிசி நெல்லுக்கு அறிவித்த கொள்விலை கிலோவுக்கு 120 ரூபா. அவ்விலைப்படி 78,000 ரூபா என்பது 650 கிலோ நெல். அறுபத்தைந்து கிலோ மூட்டையாகக் கட்டினால் பத்து மூட்டை! உழுது, விதைத்து, யானைக்குக் காவலிருந்து, மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சி அறுத்த நெல்லிற் பத்து மூட்டையை, அரைக் கட்டை தூரம் நடக்கும் சிரமத்துக்காக ஒரு பிள்ளை கொடுத்துவிடுகின்றது. தந்தையார் அதனை அறியார், பிள்ளையும் அறியாது. நாளுக்கு நாள் சிறு தொகையாகப் போவதால் இருவர் கண்ணுக்கும் அது படுவதில்லை.

மும்பை நகரிலே 1890ஆம் ஆண்டளவில் தொடங்கிய டப்பாவாலாக்களின் தொழிலை இவ்விடத்தில் நினைக்கவேண்டும். அவர்களும் உணவைச் சுமப்பவரே. ஆனால் அவர்கள் சுமந்தது பெரும்பாலும் வீட்டிலே தாயோ மனைவியோ ஆக்கிய சோறு. மாதக் கூலி இன்னதென முன்னரே தெரியும், பாத்திரம் மாலையில் வீடு திரும்பும், குப்பை இல்லை. சுமைகூலி என்பது தன்னளவிலே தீயது அன்று என்பதற்கு அவர்களே சாட்சி.

பெற்றோர்க்கும் பிள்ளைகளுக்கும் நாம் கூற விரும்புவன சில. செயலியில் வாங்குமுன் கடைக்குத் தொலைபேசி எடுத்து நேர்விலையைக் கேளுங்கள். பல கடைக்காரர் நேரே வரும் வாடிக்கையாளரை இன்முகத்தோடு வரவேற்பர். மாத முடிவில் செயலியிலுள்ள பழைய கட்டளைகளைக் கூட்டிப் பார்த்து, அத்தொகையைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஓரறையில் நால்வர் இருந்தால் முறைவைத்து ஒருவர் அடுக்குப் பாத்திரத்தோடு கடைக்குச் செல்லலாம். அல்லது ஓர் அரிசிப் பானையைப் பொதுவில் வாங்கலாம். பிள்ளையை நகருக்கு அனுப்புமுன், ஆணாயினும் பெண்ணாயினும், சோறும் பருப்பும் சொதியும் ஒரு மீன் கறியும் சம்பலும் ஆக்கக் கற்பித்து அனுப்புங்கள். சான்றிதழோடு அதுவும் ஒரு கல்வியே. தவிர்க்கமுடியாத நாளில் தருவித்தால், வாசலில் நிற்பவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, கொடுக்க விரும்பும் அன்பளிப்பை அவர் கையிலேயே கொடுங்கள்.

தம் உழைப்பிலே வாழ்பவர் முக்காற்பணம் கொடுத்தும் சுண்டைக்காய் வாங்கலாம். அது அவரவர் உரிமை. ஆனால் கொடுப்பது எவ்வளவு, போய்ச் சேருவது யாரிடம், அது யாருடைய வியர்வை என்ற மூன்றையும் அறிந்து கொடுத்தல் வேண்டும். இன்றிரவு சிட்டைகளைக் கூட்டிப் பார்க்கும் பிள்ளை, ஊரிலுள்ள தந்தையாருக்குத் தொலைபேசி எடுத்து, இவ்வாண்டு நெல் என்ன விலை போயிற்று என ஒருமுறை கேட்கட்டும். அவ்விரு தொகைகளும் ஒரே தாளில் அருகருகே எழுதப்படுமாயின், வேறு அறிவுரை அப்பிள்ளைக்கு வேண்டியதில்லை.