"தெரியாது" என்று சொல்லித் தப்பும் வழி



செயற்கை நுண்ணறிவால் சிறாருக்கு நேரும் கேடுகளைத் தடுக்கக் கலிஃபோர்னியா இயற்றிய சட்டங்களில் ஒரு பகுதி படங்களைப் பற்றியது, மறுபகுதி பேசும் செயலிகளைப் பற்றியது. படங்கள் பற்றிய சட்டம் பெருமளவு நிறைவடைந்துவிட்டது. பேசும் செயலிகள் பற்றியது பாதியில் நிற்கிறது.

2024 முடியும் வரை, சிறாரின் ஆபாசப் படம் வைத்திருந்தவரைத் தண்டிக்க, படத்தில் இருப்பது உண்மையான குழந்தைதான் என்று அரசுத் தரப்பு நிரூபித்தாக வேண்டியிருந்தது. கணினி வரைந்த முகத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் ஏது? வென்ச்சுரா கவுண்டியின் அரசு வழக்கறிஞர்கள் 2023 டிசம்பருக்கும் 2024 செப்டம்பர் நடுப்பகுதிக்கும் இடையே இப்படிப்பட்ட 8 வழக்குகளைத் தொடர முடியாமல் போனது. சிக்கலின் வேர் 2002இல் இருக்கிறது. உண்மைக் குழந்தை எவரையும் பயன்படுத்தாமல் உருவாக்கிய படங்களை ஒட்டுமொத்தமாகத் தடைசெய்வது பேச்சுரிமைக்கு முரண் என்று 'ஆஷ்கிராஃப்ட் எதிர் ஃப்ரீ ஸ்பீச் கோயலிஷன்' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு தீர்ப்பளித்தது. இன்றைய கருவிகள் அந்தத் தீர்ப்பின் காலத்தவை அல்ல. படம் உருவாக்கும் மாதிரிகளுக்குப் பயிற்சி தந்த 'லையன்-5பி' என்ற படத்தொகுப்பில் உண்மையான குழந்தைகளின் வன்கொடுமைப் படங்களும் கலந்திருந்ததை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023 டிசம்பரில் வெளிப்படுத்தினார்கள். "எவரும் பாதிக்கப்படவில்லை" என்ற வாதம் அத்துடன் வலுவிழந்தது.

2024 செப்டம்பரில் கையெழுத்தான ஏபி 1831 என்ற மாநிலச் சட்டம் இந்த ஓட்டையை அடைத்தது. 18 வயதுக்கு உட்பட்டவராகத் தோன்றும் உருவத்தைக் கணினி உருவாக்கியிருந்தாலும், அது ஆபாசத்துக்கான சட்ட அளவுகோலுக்குள் வந்தால் குற்றம். உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு மோதாமல் எழுதப்பட்ட சட்டம் என்பதால் நிலைத்து நிற்கும் வாய்ப்பு அதிகம்.

இத்தகைய படங்கள் பள்ளிக்கூடங்களிலும் உருவாகின்றன. 2024 தொடக்கத்தில் பெவர்லி ஹில்ஸில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் 5 பேர் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். செயற்கை நுண்ணறிவால் அவர்கள் நிர்வாணப் படங்களாக்கிய சகமாணவர்கள் 16 பேர். அந்த வயதுப் பிள்ளைகளைச் சிறைக்கு அனுப்புவது தீர்வாகாது. கருவியை விற்றவரைப் பிடிப்பதே பயனுள்ள வழி. சான் பிரான்சிஸ்கோ நகர வழக்கறிஞர் டேவிட் சியூ அதைத்தான் செய்தார். 2024 ஆகஸ்டில், படங்களில் இருப்பவரின் ஆடையை நீக்கிக் காட்டும் இணையதளங்கள் 16 மீது அவர் வழக்குத் தொடர்ந்தார். அந்த ஆண்டின் முதல் ஆறு மாதங்களில் மட்டும் அவற்றைப் பார்த்தவர்களின் வருகை 20 கோடி. 2025இல் வந்த ஏபி 621 இந்த அணுகுமுறையைச் சட்டமாக்கியது. இத்தகைய தளங்களுக்குத் தெரிந்தே துணைபோகும் நிறுவனங்களிடமிருந்து 2,50,000 டாலர் வரை இழப்பீடு கோரலாம்.

பேசும் செயலிகளின் கதை வேறு. 2025 அக்டோபர் 13 அன்று எஸ்பி 243 என்ற மசோதாவில் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்டார். அதே நாளில் ஏபி 1064 என்ற மசோதா கையெழுத்தாகாமல் திரும்பியது. துணைபோலப் பழகும் சாட்பாட்களை ஒழுங்குபடுத்தும் எஸ்பி 243, 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தற்கொலை எண்ணம் வெளிப்பட்டால் என்ன செய்வது என்ற நெறிமுறை கட்டாயம். பயனர் சிறார் என்றால், பேசுவது மனிதர் அல்ல, சற்று ஓய்வெடுக்கவும் என்று மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நினைவூட்ட வேண்டும். மூன்று மணி நேரத்தில் இடைவேளையோடு ஒரு முழுநீளத் தமிழ்ப் படமே பார்த்து முடித்துவிடலாம். வேலை நாளில் பள்ளி விட்டு வந்து உறங்கும்வரை பேசும் பிள்ளைக்கு இந்த அறிவிப்பு ஒன்றிரண்டு முறை வந்தால் அதிகம்.

இதைவிடப் பெரிய குறை சட்டத்தின் ஒரு சொற்றொடரில் உள்ளது. சிறார் என்று நிறுவனம் "அறிந்த" பயனருக்கே இந்தப் பாதுகாப்பு. வயதைக் கேட்காத நிறுவனம் அறியாத நிறுவனமாகிவிடுகிறது. விசாரித்தவருக்குப் பொறுப்பும் கண்ணை மூடிக்கொண்டவருக்கு விடுதலையும் தரும் ஏற்பாடு இது. அன்றே கையெழுத்தான ஏபி 1043 இதை ஓரளவு சரிசெய்யும். 2027 ஜனவரி 1 முதல் கைபேசி, கணினி போன்ற கருவியை அமைக்கும்போதே வயது கேட்கப்பட்டு, அந்தத் தகவல் செயலிகளுக்குச் சென்றுசேரும். அதன்பின் "தெரியாது" என்ற சாக்கு எடுபடாது. ஆனால் சொல்லப்படும் வயதைச் சரிபார்க்க அதில் வழியில்லை.

திருப்பி அனுப்பப்பட்ட ஏபி 1064 வேறு பாதையில் சென்றது. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளவோ பாலியல் உரையாடலுக்கோ ஒரு பிள்ளையைத் தூண்டக்கூடும் என்று முன்கூட்டியே கணிக்கத்தக்க சாட்பாட்டைச் சிறாரிடம் கொடுக்கவே கூடாது என்றது. தடை மிக அகலமானது, உரையாடும் கருவிகள் அனைத்தும் சிறாருக்கு மூடப்பட்டுவிடலாம் என்பது ஆளுநர் தந்த விளக்கம். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. வீட்டுப்பாடத்துக்கு உதவும் செயலியும் அதில் சிக்கியிருக்கலாம். எனினும் அகலத்தைக் குறைப்பது வரைவாளரின் வேலை. நட்பு, காதல் என்ற பாவனையில் பழகுவதற்கென்றே உருவாக்கப்பட்ட செயலிகளுக்கு மட்டும் என எல்லை வகுத்து, வடிவமைப்பின் பொறுப்பை நிறுவனத்தின் மீது வைக்கும் மசோதா மீண்டும் வர வேண்டும். அது வந்தால் ஆளுநர் கையெழுத்திட வேண்டும்.

கூட்டாட்சி அரசு குறுக்கே நிற்கும் என்ற சாக்கும் இல்லை. மாநிலங்களின் செயற்கை நுண்ணறிவுச் சட்டங்களைப் பத்தாண்டு நிறுத்திவைக்கும் முயற்சியை செனட் 2025 ஜூலையில் 99–1 என்ற கணக்கில் நீக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த அதிபர் ஆணையும், மாநிலச் சட்டங்களை மீறி நிற்கும் தேசியச் சட்டத்துக்குப் பரிந்துரை கேட்கையில், சிறார் பாதுகாப்புச் சட்டங்களுக்கு விலக்கு அளித்தது.

அந்த மசோதா வரும்வரை ஒரு சிறு திருத்தம் போதும். எஸ்பி 243இன்படி 2027 ஜூலை 1 முதல் நிறுவனங்கள், நெருக்கடியில் இருந்த பயனர்களை எத்தனை முறை உதவி மையங்களுக்கு வழிகாட்டின என்ற எண்ணிக்கையை மாநிலத் தற்கொலைத் தடுப்பு அலுவலகத்துக்கு ஆண்டுதோறும் தெரிவிக்கும். அவற்றில் சிறாருக்கானவை எத்தனை என்று பிரித்துக்காட்டச் சட்டம் கேட்கவில்லை. பயனரின் அடையாளம் எதையும் வெளியிடாமலே அந்த எண்ணைத் தனியாகக் கேட்கலாம்.