கொயினாப் பட்டையும் கறிவேப்பிலையும்

நம்மிடம் பத்தாண்டுகளுக்கு முன் பயின்ற மாணவன் ஒருவன், விடுமுறைக்கு வலப்பனை வந்திருந்தபோது நம்மைக் காண வந்தான். நுவரெலியாவில் விடுதியொன்றிலே விருந்தினருக்குப் பானங்கள் கலந்து வழங்கும் உத்தியோகம் அவனுக்கு. பேச்சு ஊர்ப் புதினங்களைச் சுற்றி வந்து, ஈற்றில் அவன் மனத்தை அழுத்திய விடயத்தில் வந்து நின்றது.

“தங்கச்சிக்குக் கலியாணம் சேர். விடுதியிலே செய்கிற அந்த மூலிகை ஜின்னை வீட்டிலும் செய்து தா என்று கூட்டாளிமார் கேட்கிறார்கள். அம்மாவோ போத்தலைக் கண்டாலே அழுகிறார். நான் என்ன செய்யட்டும்?”

அந்த அன்னையின் கண்ணீருக்குக் காரணத்தை நாம் அறிவோம். அவனுடைய தந்தையார் கசிப்புக்கு இரையாகி, நாற்பது வயது நிறையுமுன் மறைந்தவர். அவருடைய இறுதிக் கிரியையன்று ஒன்பதாம் வகுப்புச் சீருடையோடு நின்ற சிறுவனே இன்று நம்முன் அமர்ந்திருந்தான். அறிவுரை கூறி அனுப்புதல் எளிது. ஆயினும், தன் தொழிலைப் பற்றி வினவும் ஒருவனுக்கு அத்தொழிலின் நுட்பத்தைக் கொண்டே விடை கூறவேண்டும் என்று எண்ணினோம்.

ஜின் என்பது யாது? தானியத்திலிருந்து வடித்த சாராயத்தில் ஜூனிப்பர் என்னும் குளிர்தேசச் செடியின் காயை ஊறவைத்து மணமூட்டியதே அது. ஜூனிப்பரோடு கொத்தமல்லி விதையும் பழத்தோலும் சேர்ப்பது மேனாட்டு வழக்கம். இலங்கை ஜின் ஒன்றில் கறுவா, இஞ்சி, கறிவேப்பிலை ஆகியனவும் சேர்கின்றன. ஆகவே அப்பானத்தின் நறுமணத்திற் பெரும்பங்கு நம் அடுக்களையிலேயே இருக்கிறது!

அதனோடு கலக்கும் தொனிக் நீரின் கசப்போ கொயினாவுடையது. அதன் கதை நம் மலைகளோடு நெருங்கிய தொடர்புடையது. தென்னமெரிக்காவுக்குரிய சிங்கோனா மரத்தைப் பயிரிடுவதற்கென்றே 1861இல் ஹக்கலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபோது, துரைமார் பலர் சிங்கோனாவை நாடினர். மிகுதியாகப் பயிரிட்டமையால் 1880களில் விலை வீழ்ந்தது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. காய்ச்சலுக்கு மருந்தாக உண்ட அக்கசப்பை விழுங்குதற்கு எளிதாக்கவே இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் சீனியும் ஜின்னும் கலந்தனர் என்பர்.

அம்மருந்துப் பட்டை விளைந்த இதே இலங்கையில், 1934–35ஆம் ஆண்டுகளில் மலேரியாவால் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. இன்றைய தொனிக் நீரில் உள்ள கொயினா மிகச் சிறிது. அது சுவைக்கேயன்றி மருந்துக்கு ஆகாது.

இவற்றையெல்லாம் பேசியபின், “மணமும் காரமும் கசப்பும் சேர்ந்ததே உன் பானம். சாராயத்தை நீக்கிவிட்டு இம்மூன்றையும் கொணர இயலுமா?” என்று கேட்டோம். அவன் சற்றுச் சிந்தித்தான். “மணம்தான் கஷ்டம் சேர். தோலிலுள்ள எண்ணெய் சாராயத்தில் கரையும், தண்ணீரில் கரையாது” என்றான். நம் மாணவன் இரசாயன பாடத்தை மறக்கவில்லை என மகிழ்ந்தோம். அன்று மாலையே நம் அடுக்களை ஆய்வுகூடமாயிற்று.

இரண்டு எலுமிச்சம்பழங்களின் பச்சைத் தோலை மட்டும் மெல்லியதாகச் சீவி, ஒரு கோப்பைச் சீனியோடு விரலாற் கசக்கி ஒரு மணிநேரம் வைத்தோம். சீனி தோலின் எண்ணெயை ஈர்த்துக்கொண்டது. இரண்டு கோப்பை நீரில், இலேசாக வறுத்து நொறுக்கிய கொத்தமல்லி இரண்டு மேசைக்கரண்டி, தட்டிய இஞ்சி ஒரு துண்டு, மிளகு பத்து, சிறு கறுவாத் துண்டு ஆகியவற்றை இட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைத்தோம். அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே கசக்கிய கறிவேப்பிலை பத்தை இட்டு மூடினோம். கொதிக்கும்போதே இட்டால் அதன் மணம் ஆவியோடு போய்விடும். இருபது நிமிடம் சென்றபின் வடித்து, அச்சீனியைத் தோலோடு கரைத்து மீண்டும் வடித்தோம். ஆறியதும் எலுமிச்சஞ் சாற்றைச் சேர்த்தோம். ஒரு பங்கு பாகுக்கு மூன்று பங்கு சோடா.

மணம் வந்தது, மிளகும் இஞ்சியும் காரம் தந்தன. கசப்பு மட்டும் வரவில்லை. மாணவன் நம் மேசையில் ஆறிக்கிடந்த பாலற்ற தேநீரைப் பார்த்தான். அதில் இரண்டு கரண்டியை எடுத்துக் குவளையில் விட்டான். அந்தத் துவர்ப்பு, கசப்பின் இடத்தை நிரப்பிவிட்டது! சிங்கோனாவின் இடத்தைத் தேயிலை பிடித்த வரலாறு ஒரு குவளைக்குள் மீண்டும் நிகழ்ந்தது கண்டு இருவரும் நகைத்தோம்.

இஃது ஜின் அன்று. அதன் போதையை நாடுவோருக்கு இதனால் நிறைவு உண்டாகாது. கலியாண வீட்டில் நண்பர் இருவர் ஒரு மிடறு பருகிவிட்டு மெல்ல வெளியேறியதை நாமே கண்டோம். ஏனையோர் இருந்தனர், சிறுவர்களும் அதே குவளையில் அதே பானத்தைப் பருகினர்.

மாணவன் முதற் குவளையைத் தன் அன்னையிடம் நீட்டினான். அவர் தயங்கி முகர்ந்தார். ஒரு வாய் அருந்தினார். “அட, இது நம்ம மல்லித்தண்ணி தானே!” என்றார். பின்னர் அதே குவளையை இரண்டாம் முறையும் நிரப்பச் சொல்லி நீட்டினார். பல ஆண்டுகளுக்குப் பின், அவ்வீட்டில் நிரம்பிய குவளையொன்றை அவர் அஞ்சாது கையிலேந்தி இருந்தார்.